மாமாவின் கரன்ட் அக்கவுன்ட்

பைக்கிலிருந்து மாமா ஒருமுறை விழுந்து எழுந்ததும், இனி அந்தச் சாவி பீரோவுக்குள்தான் என்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டார். மாமா என்றால் என் மாமனார். வங்கியில் கேஷியராகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவர். கீரைக்காரம்மா திருப்பித் தரும் சில்லறையைக்கூட நோட்டில் வரவு வைப்பவர். அவரை ஸ்ரீரங்கத்தில் வீட்டுத் திண்ணையோடு கட்டிப்போடுவது நடக்கிற காரியமா? கடைசியில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு சமாதானம் ஏற்பட்டது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, 250 வாட் மோட்டார் வைத்த சின்ன பேட்டரி ஸ்கூட்டர். லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுவார் என்பது அத்தையின் கணக்கு.

லித்தியம் பேட்டரி வண்டியின் விலையைக் கேட்டதும் மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கடைக்காரர் சுதாரித்துக்கொண்டு லெட் ஆசிட் வண்டியை, அதாவது ஈயமும் அமிலமும் வைத்த பேட்டரி வண்டியைக் காட்டினார். கால் வைக்கும் பலகைக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரி நான்கு, வரிசையாகக் கோத்து 48 வோல்ட். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 கிலோ. பிரான்சில் காஸ்தோன் பிளான்டே என்பவர் 1859-இல் செய்த சமாச்சாரம் இது, எடிசனின் குண்டு பல்புக்கு 20 வருடம் மூத்தது என்று என் கணவர் போனைப் பார்த்துச் சொன்னார். பழைய மாடலை நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது அவர் சொல்ல வந்தது. மாமாவுக்கோ மரியாதை கூடிப்போனது. நெடுநாள் வாடிக்கையாளர் என்றால் அவருக்கு எப்போதுமே தனிப் பிரியம்.

வண்டி வந்த வாரமே ஆலோசகர்களும் வந்து சேர்ந்தார்கள். நம் ஊரில் ஜுரத்துக்கும் பேட்டரிக்கும் வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. "முழுசா தீர்ந்தப்புறம்தான் சார்ஜ் போடணும் தாத்தா, இல்லேன்னா வீக் ஆயிடும்" என்றார் செல்போன் கடைத் தம்பி. அது எந்தக் காலத்திலோ நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. அந்தப் பேட்டரியே கடைகளிலிருந்து போய்விட்டது, அறிவுரை மட்டும் போகவில்லை. "ராத்திரி பூரா போட்டு வெக்காதீங்க சார், வெடிச்சிடும்" என்றது டீக்கடை.

எதிர்வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். ரயில் பெட்டிகளுக்கு அடியில் தொங்கும் பேட்டரிகளுக்கு சர்வீஸ் முழுக்க டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவர். பேட்டரி என்று காதில் விழுந்தாலே அவர் கை தண்ணீர் பாட்டிலைத் தேடும். எங்கள் வண்டியில் இருந்ததோ மூடி சீல் வைத்த வகை. உள்ளே அமிலம் கண்ணாடி நார் அட்டையில் ஊறிக் கிடக்கும், மேலே ஊற்ற வழி கிடையாது. "வழி இல்லாம எப்படி செய்வான்? ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்" என்று அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அத்தை ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி உள்ளே வைத்தார்.

மாமா எல்லோர் சொல்லையும் மதித்து ஒரு கொள்கை வகுத்தார். வண்டி மீட்டரில் கடைசிக் கட்டை சிமிட்டும் வரை ஓட்டுவது. அப்புறம் வண்டி களைத்திருக்கும் என்று ஓரிரு நாள் சும்மா விடுவது. பிறகு பகலில் மட்டும், கண்ணெதிரே, இரண்டு மணி நேரம் சார்ஜ். லெட் ஆசிட் பேட்டரியைக் கொல்ல யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது.

அந்த மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் தெரியும் கட்டைகள் பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று அளப்பதில்லை, அந்த நிமிஷத்து வோல்டேஜைத்தான் காட்டும். நின்றால் நாலு கட்டை, கிளம்பினால் மூன்று, மேடு ஏறினால் ஒன்று. மாமா சிக்னலில் நிற்கும்போது மட்டும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வார்.

வண்டிக்கு ஒரு வயது ஆவதற்குள் அது போகும் தூரம் பாதியானது. திருச்சி காந்தி மார்க்கெட் போய்த் திரும்பிய பிறகும் கோயில் பக்கம் ஒரு சுற்று வந்த வண்டி, மார்க்கெட்டிலிருந்து திரும்பி வருவதற்கே மூச்சு வாங்கியது. ஊர் தட்டைதான், ஆனால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வர வேண்டுமானால் காவிரிப் பாலம் ஏறியே ஆக வேண்டும். பதறிப்போன மாமா டீக்கடையின் எச்சரிக்கையை மட்டும் ரத்து செய்து, ராத்திரி முழுக்க சார்ஜ் போட ஆரம்பித்தார். ஒன்றும் தேறவில்லை.

ஆடி மாதம். மேட்டூர் திறந்து காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சின்ன வெங்காயமும் வாழைக்காயும் வாங்கிக்கொண்டு மாமா திரும்புகையில், பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது. வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே விழுந்தால் கன்ட்ரோலர் தானே அணைத்துவிடும். சாவியைத் திருகிப் பத்து நிமிஷம் பேசாமல் விட்டால், அமிலம் மெல்ல பேட்டரிக்குள் இருக்கும் ஈய ப்ளேட்டுக்குள் ஊறி வோல்டேஜ் கொஞ்சம் மேலே வரும், கொஞ்ச தூரம் போகலாம். இந்த ரகசியத்தை மாமா ஏற்கெனவே அனுபவத்தில் கண்டு வைத்திருந்தார். எனவே வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வயதான மனிதர், தனியாக, பாலத்தில், தண்ணீரையே பார்த்துக்கொண்டு. முதலில் ஒரு பைக் நின்றது. அப்புறம் இரண்டு காலேஜ் பையன்கள். பிறகு ஒரு பூக்காரம்மா.

"அய்யா, வீட்டுல எதாச்சும் பிரச்சினையா?"

"இல்லையேப்பா."

"மருமக சரியா கவனிக்கலையா?" இது பூக்காரம்மா. (இதை மாமா பிறகு சொன்னபோது அத்தை ஏன் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டார் என்பது தனிக் கதை.)

"நல்லாத்தாம்மா பாத்துக்கிறா."

"அப்புறம் ஏன்யா இங்க நிக்கிறீங்க?"

"கொஞ்சம் ஏறட்டும்னு காத்திருக்கேன்."

எல்லோரும் ஒருசேர ஆற்றை எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் உண்மையிலேயே ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பையன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் அவர் போனை வாங்கி என் கணவருக்கு அடித்தான்: "சார், உங்கப்பா பாலத்துல நிக்கிறாரு, பேச்சு ஒரு மாதிரியா இருக்கு, உடனே வாங்க."

நாங்கள் அடித்துப் பிடித்துக் கிளம்புகையில் மாமாவே தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். வேகம், நடக்கிறவர்கள் முந்திப் போகும் வேகம். பின்னால் அதே வேகத்தில் மூன்று பைக்குகள். நம்பாமல் வீடு வரை கொண்டு விட வந்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். வாசலில் நின்ற அத்தை, "என்னங்க இது ஊர்வலம்?" என்றார். வந்தவர்கள் எல்லோருக்கும் காபி.

மறுநாள் பாலக்கரைப் பக்கமிருந்து பேட்டரிக் கடைத் தம்பி ஒருவர் வோல்ட் மீட்டரோடு வந்தார். பலகையைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தொட்டார். 12.6, 12.6, 12.5. நாலாவதில் 10.4.

"செல் ஒண்ணு போயிடுச்சு சார்."

ஒரு பேட்டரிக்குள் ஆறு செல், செல்லுக்கு இரண்டு வோல்ட்டும் சொச்சமும். ஒன்று செத்தால் அந்த இரண்டு வோல்ட் மொத்தமாகக் குறையும், கணக்கு அவ்வளவு சுத்தம். தம்பி அடுத்துக் கேட்டார்: "சார்ஜர்ல பச்சை லைட் பாத்து எத்தனை நாளாச்சு?"

"பச்சையா? விடிய விடிய சிவப்புதான்" என்றார் மாமா பெருமையாக. "நல்லா இழுத்துக்குது தம்பி!"

தம்பி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சார்ஜருக்கு எந்த செல் போனது என்று தெரியாது. மொத்தமாக 59 வோல்ட் அளவுக்கு வந்து, கரன்ட் குறைந்தால்தான் அது பச்சைக்கு மாறும். 24 செல்லுக்கு உண்டான வோல்டேஜை 23 செல்கள் தாங்கினால், அளவுக்கு மீறி ஏறி, சூடாகி, உள்ளிருக்கும் கொஞ்ச நஞ்ச ஈரமும் போய்விடும். ராத்திரி முழுக்க இழுத்தது அதைத்தான். மற்ற மூன்றின் வயிறும் லேசாக உப்பியிருந்தது.

"காலி பண்ணி அப்படியே விட்டிருக்கீங்க சார். ப்ளேட்ல உப்பு கட்டிடுச்சு" என்றார். கரன்ட் எடுக்க எடுக்க, இரண்டு பக்க ப்ளேட்டிலும் ஈய சல்பேட் படிந்துகொண்டே வரும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்து பழைய நிலைக்கு வரும். நாள் கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாக இறுகி, அப்புறம் எந்தச் சார்ஜருக்கும் மசியாது. மாமாவுக்கு இந்த ரசாயனம் ஏறவில்லை. என் கணவர்தான் பெயர்த்துச் சொன்னார்.

"அப்பா, இது ஓவர்டிராஃப்ட் கணக்கு. எடுத்ததை அன்னைக்கே கட்டிடணும். லிமிட் வரைக்கும் எடுத்துட்டு கட்டாம விட்டா என்ன ஆகும்?"

மாமாவின் முகம் மாறியது. "வாராக்கடன்" என்றார் மெதுவாக.

இருந்தாலும் உள்ளே இருந்த மேனேஜர் விடவில்லை. கெட்டது ஒன்றுதானே, அதை மட்டும் மாற்றினால் போதாதா? தம்பி மறுத்தார். புதுசு ஒன்றைப் பழசு மூன்றோடு கோத்தால், ஒரே கரன்ட் நாலிலும் ஓடும், நலிந்தவை சீக்கிரம் காலியாகி அடி வாங்கும், புதுசுக்கும் சரியாகச் சார்ஜ் ஏறாது. "கூட்டு ஜாமீன்ல நல்லவன் மாட்டிக்கிற மாதிரி" என்று மாமாவே புரிந்துகொண்டு, நாலும் மாற்றச் சம்மதித்தார். விட்ட பணத்தைப் பழைய பேட்டரியில் பிடிக்கப் பார்த்தார். பழசைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2001-இல் ஒரு விதி வந்தது, ஈயத்துக்கு நல்ல விலையும் உண்டு. தம்பி சொன்ன எடையை நம்பாமல், பேப்பர்காரரின் தராசை வரவழைத்து நாலையும் நிறுத்து, போனில் ஈயத்தின் உலகச் சந்தை விலையைத் தேட ஆரம்பித்தார். அத்தை ஒரு பார்வை பார்த்த பிறகுதான் பேரம் முடிந்தது.

புது செட் வந்ததோடு புது நோட்டும் வந்தது. தேதி, கிலோமீட்டர், சார்ஜ் போட்ட நேரம், பச்சை வந்த நேரம், நாலு பேட்டரிக்கும் தனித்தனி வோல்டேஜ். மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிவிட்டார். உத்திர வீதிக்குக் கீரை வாங்கப் போய் வந்தாலும், அரை மணி நேரம் ஆறவிட்டு உடனே சார்ஜில் போட்டுவிடுவார். "முழுசா ஏத்தினாலும் ஒண்ணரை யூனிட்தான். உன் ஏ.சி. ஒண்ணரை மணி நேரத்துல தின்னுடும்" என்று அத்தையிடம் வாதாடுவார். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஈபி கணக்கே வேறு என்பதால் அத்தைக்கு அதிலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

அடி விழுந்தது என் கணவருக்குத்தான். பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி சூட்டை வைத்துப் போட்ட கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்று தம்பி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திருச்சி வெயில் 40-ஐத் தொடும் ஊர். தகர ஷெட்டில் நின்ற ஸ்கூட்டர் போர்டிகோ நிழலுக்கு வந்தது. போர்டிகோவில் நின்ற கார் வெயிலுக்குப் போனது. இன்னும் லோன் முடியாத கார்.

போன மாதம் பெங்களூரில் உறவில் ஒரு கல்யாணம். கிளம்பும் முன் முழு சார்ஜ் போட்டு, பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் எம்சிபி என்ற மெயின் சுவிட்சையும் அணைத்தார் மாமா. அணைக்காவிட்டால் திருட்டு அலாரம் சும்மா நின்றே கரன்ட் குடிக்கும். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், மாதம் ஒன்றானாலும் பெரிதாக இறங்காது என்று என் கணவர் எவ்வளவோ சொன்னார். கேட்டால்தானே? எதிர்வீட்டு ரயில்வேக்காரரிடம் சாவியைக் கொடுத்து, நடுவில் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினார்.

முகூர்த்த நேரம். கெட்டிமேளம் கொட்டப் போகிற தருணத்தில் மாமாவின் போன் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு மண்டபமே கேட்கக் கத்தினார்: "பச்சை வந்துடுச்சா? பச்சையா, சிவப்பா?"

முன் வரிசைப் பாட்டி திரும்பி, "கூறைப்புடவை சிவப்புதான், கண்ணு தெரியலையா?" என்றார்.

மறுமுனையில் ரயில்வேக்காரர் என்ன சொன்னார் என்பது நாதஸ்வரத்தையும் மீறி எனக்கே கேட்டது.

"பச்சை அப்பவே வந்துடுச்சு சார். டிஸ்டில்டு வாட்டரும் வாங்கியாச்சு. அந்த ஸ்க்ரூடிரைவர் எங்க இருக்கு?"