பூவரச வேலியில் தையல்சிட்டு

மண்டபம், அக்டோபர் 6

வேலிப் பூவரசின் தாழ்ந்த கிளையில் தையல்சிட்டு ஒன்று கூடு தைக்கத் தொடங்கியிருக்கிறது. அருகருகே தொங்கும் இரண்டு இலைகளின் ஓரங்களை அலகு நுனியால் துளைத்து, எருக்கம் பஞ்சையும் சிலந்தி இழையையும் துளை வழியே இழுக்கிறது. முடிச்சு போடுவதில்லை; வெளியே வந்த இழைநுனி பிரிந்து பருத்து, தறையாணியின் (ரிவெட்) தலைபோல அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. இப்படி ஒரு கூட்டுக்கு 150 முதல் 200 தையல்கள் வரை விழக்கூடும். துளைகள் மிக நுண்ணியவை என்பதால் இலை வாடுவதில்லை. இலையின் மேற்புறம் வெளியே தெரியும்படி மடிக்கப்படுவதால், கூடு இருப்பதே எளிதில் கண்ணில் படுவதில்லை.

அக்டோபர் 9

இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட் 1769இல் இப்பறவையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது இலங்கைப் பறவையைக் கொண்டுதான். அங்கே தாழ்நிலத்தில் வாழ்வது சுடோரியஸ் என்னும் துணையினம், அதாவது ஒரே இனத்துக்குள் சற்றே வேறுபட்ட பிரிவு. பாக் நீரிணைக்கு இப்பக்கம் நம் வேலிகளில் இருப்பது குசுராட்டஸ். குறுகிய கடல்தான் இடையில் இருக்கிறது, ஆயினும் துணையினம் வேறு என்பது எனக்கு வியப்பூட்டுகிறது. முன்பு பூச்சி தின்னும் சிறு குருவிகள் பலவற்றைச் சில்வீடே என்ற ஒரே பெருங்குடும்பத்தில் அடக்கியிருந்தனர்; பிறகு வந்த மரபணு ஆய்வுகள் அதைப் பல குடும்பங்களாகப் பிரித்தன. தையல்சிட்டு இப்போது கதிர்க்குருவிகளுடன் சிஸ்டிகோலிடே குடும்பத்தில் இருக்கிறது. தையல்சிட்டின் அதே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த மலைத் தையல்சிட்டோ நெருங்கிய உறவே இல்லையென்று தெரிந்து வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. தோற்றத்தை மட்டும் நம்பி வகைப்படுத்துவது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 15

மூன்று முட்டைகள், வெளிர்நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். மழைக்கு முன் வேலியைக் கழிக்கவிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அரிவாளை உள்ளே வைத்துவிட்டார். செம்போத்தும் ஓணானும் இக்கூடுகளைத் தேடிவரும் என்பதால், நான் அருகே போய்த் தடம் காட்டாமல் திண்ணையிலிருந்தே தொலைநோக்கியில் பார்க்கிறேன்.

அக்டோபர் 27

பொரித்துவிட்டன. அடைகாப்பு ஏறக்குறைய பன்னிரண்டு நாள்தான். தாயும் தந்தையும் மாறிமாறிப் புழு கொண்டுவருகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் நடுவால் இறகுகள் நீண்டிருப்பதால், எது வந்தது என்று தெளிவாகத் தெரிகிறது.

நவம்பர் 9

குஞ்சுகள் காலையில் கூட்டைவிட்டுக் கிளம்பின. மாலையில் ஊருணிக்கரைச் செடியில் தைத்த இலைக்கூடு இன்னொன்று கண்ணில் பட்டது. அதுவும் தையல்சிட்டினுடையது என்றே எவரும் எழுதிவிடுவர். உள்ளே நுழைந்ததோ சாம்பல் கதிர்க்குருவி. அதே குடும்பத்தைச் சேர்ந்த அதுவும் சில வேளை இலை தைக்கும். ஆகவே கூட்டை மட்டும் பார்த்துப் பெயர் எழுதக் கூடாது. வந்துபோகும் பறவையைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது முட்டை தெரிய வேண்டும். கதிர்க்குருவியின் முட்டை செங்கல் நிறத்தில் பளபளக்கும்.