புறாத் தொல்லைக்கு விஷம்தான் வழியா?

கட்டடத்து விளிம்பெல்லாம் புறா எச்சம் அப்பிக் கிடந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அதற்காக அமினோபிரிடின் என்ற விஷம் கலந்த தானியத்தைத் தூவுவதை என்னால் ஏற்கவே முடியாது. தின்ற பறவை வலிப்பு வந்து சிறகடித்துத் துடிக்கிறது, அதைப் பார்த்து மற்றவை மிரண்டு ஓட வேண்டும் என்பதுதான் திட்டமே.

நிகார்பசின் அப்படியில்லை. கோழிப்பண்ணைகளில் ரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கப் பல காலமாகக் கொடுக்கும் மருந்துதான். இதைத் தின்னும் புறா முட்டையிடும், ஆனால் மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு பாதிக்கப்படுவதால் குஞ்சு பொரிக்காது. தீவனத்தை நிறுத்தினால் பழையபடி பொரிக்கும்.

அமெரிக்கச் சட்டத்தில் இதுவும் பூச்சிக்கொல்லிதான். புறாக்களுக்காக 2007-ல் பதிவானது. இப்படிப்பட்ட மருந்துக்கும் தொடக்கத்தில் 'கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாடு' என்று முத்திரை குத்தி, சான்றிதழ் பெற்றவரோ அவர் மேற்பார்வையில் உள்ளவரோதான் தொடலாம் என்று வைத்திருந்தார்கள்; பின்னர் அந்த முத்திரையை நீக்கினார்கள். அது நீடித்திருந்தால், தினமும் வைக்க வேண்டிய தீவனத்துக்குத் தினமும் ஆளுக்குக் கூலி கொடுக்க யாரால் முடிந்திருக்கும்? கடைசியில், சீக்கிரம் வேலை முடிகிற விஷத்தைத்தான் நாடியிருப்பார்கள். கொல்லாத வழிக்கு உரிமக் கெடுபிடியைத் தளர்த்தியது சரியே.

சரி, கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும். நேரம் வைத்துத் தூவும் தானியங்கிக் கருவி, புறாக்கள் மொத்தமாக வந்து தின்று தீர்க்கும் அளவு, வேறு பறவைகள் வாய் வைக்காதபடி கண்காணிப்பு. இதையெல்லாம் மருந்து லேபிளிலேயே கட்டாயமாக்கலாம்.