மாலை 5 மணிக்குள் பேப்பர் போடச் சொன்னார்கள்

2023 ஏப்ரல். பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர் பக்கம் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு 6 ஆண்டு 8 மாதம் முடிந்திருந்தது. பதவிப் பெயர் டெஸ்ட் லீட், அதாவது மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் மூத்தவர். நாங்கள் பார்த்துவந்த வங்கி பிராஜெக்டில் வாடிக்கையாளர் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டதால் ஆறு வாரமாக பெஞ்சில், அதாவது பிராஜெக்ட் எதுவும் இல்லாமல், இருந்தேன். ஜனவரியில் வந்த ரேட்டிங் நன்றாகவே இருந்தது. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை எச்.ஆர். என்கிற மனிதவளத் துறையிலிருந்து மீட்டிங் அழைப்பு வந்தபோது, புது பிராஜெக்ட் பற்றிப் பேசப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

போனை வெளியே வைக்கச் சொன்னார்கள். அப்போதே வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. உள்ளே இரண்டு பேர். மேசை மேல் லேப்டாப், அதில் ராஜினாமா பக்கம் திறந்திருந்தது. காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று ஏற்கெனவே நிரப்பியிருந்தார்கள். நான் பொத்தானை அழுத்துவது மட்டும்தான் பாக்கி.

"நீங்களா பேப்பர் போட்டுட்டா ரெண்டு மாச சம்பளம், நல்ல ரிலீவிங் லெட்டர், எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும். நாங்க டெர்மினேட் பண்ணினா அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது அது வெளியே வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். அஞ்சு மணி வரைக்கும் டைம்" என்றார் ஒருவர். கத்தவில்லை, மிரட்டவில்லை. தண்ணீர் பாட்டில்கூட நகர்த்தி வைத்தார்கள். அந்தக் கனிவுதான் ஆளை உடைக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் பார்த்திருந்தோம். அம்மாவும் என் கம்பெனி காப்பீட்டில்தான் இருந்தார். வீட்டுக் கடன் தவணை வேறு. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது சட்டம் எதுவும் தெரியாது. ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது. என்னை அனுப்புவது இவர்கள், பிறகு நான் ஏன் 'சொந்தக் காரணம்' என்று எழுத வேண்டும்? "நீங்க சொல்றதை எழுத்துல கொடுங்க, வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்" என்றேன். எழுத்தில் தர முடியாது என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். கால் நடுங்கியது.

இடத்துக்கு வந்ததும் செய்த இரண்டு காரியங்கள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின. முதலாவது, எச்.ஆர். தலைமைக்கு ஒரு மெயில். இன்று 2.30 முதல் 3.15 வரை இன்ன அறையில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. எந்த பிராஜெக்ட் கொடுத்தாலும் வேலை செய்யத் தயார். இவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தையும் இல்லை. என் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போகும்படி அனுப்பினேன். இரண்டாவது, பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஆறு ஆண்டு அப்ரைசல் (வருடாந்தர மதிப்பீட்டு) கடிதங்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டேன். என் பெயரில் வந்த காகிதங்கள் மட்டும். வாடிக்கையாளர் சம்பந்தப்பட்ட ஒரு கோப்பைத் தொட்டிருந்தாலும் என்னை வெளியே அனுப்ப நானே உண்மையான காரணம் கொடுத்தவளாகியிருப்பேன்.

ஒன்பது நாள் கழித்து, உங்கள் சேவை இனித் தேவையில்லை என்று மெயில் வந்தது. அன்று மாலையே ஐடி கார்டு வேலை செய்யவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. படுத்திருந்தேன். கல்லூரித் தோழி ஒருத்தி ஐ.டி. ஊழியர் சங்கம் ஒன்றில் இருப்பவரின் எண்ணைக் கொடுத்தாள். அவர் முதலில் கேட்டது, "ராஜினாமா பண்ணிட்டீங்களா தோழர்?" இல்லை என்றதும், "அப்போ பேசலாம்" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. வேலையை முடித்தது யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாமே ராஜினாமா செய்தால் அது ஆட்குறைப்பு ஆகாது. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பின்னால் நிரூபிக்கலாம், ஆனால் அந்தப் பாரம் முழுக்க நம் தலையில். நிறுவனம் அனுப்பினால் தொழில் தகராறுகள் சட்டம், 1947 உள்ளே வருகிறது. அதன் 25-எஃப் பிரிவுப்படி, ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சமும் ஓராண்டுதான். எனக்கு ஏழு ஆண்டுக் கணக்கு. இது எதுவும் தராமல் அனுப்பியிருந்தார்கள். ஐ.டி. கம்பெனிக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பொருந்தும் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது.

(நான் சொல்லும் பிரிவு எண்களும் விதிகளும் 2023-ல் இருந்தவை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இப்போது போகிறவர்கள் இன்றைய நிலையைக் கேட்டுக்கொண்டு போங்கள்.)

2-ஏ பிரிவின் கீழ் மனு எழுதினோம். தனி ஆளாகவே தகராறு எழுப்ப வழிசெய்யும் பிரிவு அது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருந்த தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டணம் கிடையாது. அங்கே சமரச அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். மனு கொடுத்து 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று அப்போது இருந்தது. ஏழு ஆண்டு கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருந்துவிட்டு, சாயப்பட்டறையிலிருந்தும் செக்யூரிட்டி வேலையிலிருந்தும் நீக்கப்பட்டவர்களோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது முதலில் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என் மனுவில் பக்க எண் போடாததைக் காட்டி, தன் பேனாவைக் கொடுத்தார். அதோடு கூச்சம் போயிற்று.

முதல் அமர்வுக்கு நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. இரண்டாவதுக்கு எச்.ஆர். மேலாளரும் ஒரு வழக்கறிஞரும் வந்தார்கள். சமரசப் பேச்சில் வழக்கறிஞர் ஒரு தரப்புக்காக ஆஜராக 36-ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று சங்கத் தோழர் அமைதியாக எடுத்துச் சொன்னார். அதிகாரி தலையசைக்க, வழக்கறிஞர் வெளியே போய் உட்கார்ந்தார். சங்கப் பொறுப்பாளர் என் பக்கத்தில் இருக்கலாம். அதற்கு அதே பிரிவில் இடம் உண்டு.

அப்புறம்தான் உண்மையான சண்டை. "இவங்க லீட். இவங்களுக்குக் கீழ நாலு பேர். இவங்க மேற்பார்வையாளர், சட்டப்படி தொழிலாளியே இல்லை" என்றார் எச்.ஆர். மேலாளர். இது நிறையப் பேர் தடுக்கி விழும் இடம். நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கும், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளருக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அப்போது இருந்தது. என் மாதச் சம்பளம் 68,000. மேற்பார்வையாளர் என்று ஆகிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் பார்க்க வேண்டியது விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரை அல்ல, ஒருவர் நாள்முழுக்க என்ன வேலை செய்கிறார் என்பதை.

அந்த நாலு பேருக்கு ஒரு நாள் லீவ் கொடுக்க எனக்கு அதிகாரம் இருந்ததில்லை. ரேட்டிங் போட்டதில்லை. யாரையும் எடுத்ததில்லை, அனுப்பியதில்லை. மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரங்களில் இரவு 2 மணிக்கு உட்கார்ந்து டெஸ்ட் கேஸ் (சோதனைகள்) ஓட்டியது நான். சோதனைக்கான ஸ்கிரிப்ட் எழுதியது நான். இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்ரைசல் கடிதங்களை எடுத்து வைத்தேன். ஆறு ஆண்டிலும் என் இலக்குகள் எல்லாம் எத்தனை டெஸ்ட் கேஸ், எத்தனை ஸ்கிரிப்ட் என்றே இருந்தன. கடைசிக் கடிதத்தில் என் மேனேஜரே என்னை 'இன்டிவிஜுவல் கான்ட்ரிபியூட்டர்', அதாவது ஆட்களை நிர்வகிக்காமல் தானே வேலை செய்பவர், என்று குறித்திருந்தார். அதிகாரி அந்த வரியை இரண்டு முறை படித்தார். சம்பள உயர்வுப் பேச்சில், "நீங்க இன்னும் மேனேஜர் டிராக்குக்கு வரலையே" என்று சொல்லி என்னை நிறுத்திவைத்த அதே வரி.

அதன் பிறகு மேலாளரின் குரல் மாறியது. ராஜினாமா செய்ய மறுத்து நான் அனுப்பிய மெயிலும் கோப்பில் இருந்ததால், 'அவராகத்தான் போனார்' என்று சொல்ல வழியில்லாமல் போனது.

எனக்கு வேலைதான் திரும்ப வேண்டும் என்று இருந்தது. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த டீம், அந்த வேலை, எனக்குப் பிடிக்கும். நீதிமன்றம் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம் என்று தோழரும் ஒளிக்காமல் சொன்னார். அம்மா ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தார். அக்டோபரில் உடன்பாட்டில் கையெழுத்திட்டேன். ஆட்குறைப்பு இழப்பீடு 2,38,000 ரூபாய். நியமனக் கடிதத்தில் இருந்தபடி இரண்டு மாத நோட்டீஸ் சம்பளம் 1,36,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி: அடிப்படைச் சம்பளம் 32,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஏழு ஆண்டுக்கு 1,29,231. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் ஆறு ஆண்டுக்குத்தான் போட்டிருந்தார்கள். இடைப்பட்ட மாதங்களுக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ரிலீவிங் லெட்டரில் எந்த வாசகம் வரும் என்பதையும் உடன்பாட்டிலேயே எழுத வைத்தோம். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை அவர்கள் பதியவே இல்லை. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நாமே இணையத்தில் பதியலாம் என்று தெரிந்து நானே பதிந்தேன். டிசம்பரில் வேறு வேலையில் சேர்ந்தேன். எதைக் காட்டி பயமுறுத்தினார்களோ, அந்தப் பின்னணி விசாரணை நான்கு நாளில் முடிந்தது. அம்மாவின் அறுவை சிகிச்சை, காப்பீடு இல்லாமல், அந்த இழப்பீட்டுப் பணத்தில் நடந்தது.

போன மாதம் பழைய டீம் தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அக்கா, மூணு மணிக்கு எச்.ஆர். மீட்டிங் போட்டிருக்காங்க. எதுக்குன்னு சொல்லலை."

மணி 1.40. "சம்பளச் சீட்டு, அப்ரைசல் லெட்டர் எல்லாம் இறக்கி வெச்சிருக்கியாடா?" என்று கேட்டேன். இல்லை என்றான். போனை வைக்காமல், ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னேன்.