கூண்டுப் பறவையின் ஒரு துளி ரத்தம்

மக்காவ், காக்கட்டூ, வெள்ளி ஃபெசன்ட் போன்ற அயல்நாட்டுப் பறவைகளுக்குத் தஞ்சை வட்டாரத்தில் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய பிறகு, நலமாகத் தோன்றும் பறவையின் ரத்தத்திலும் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பரிசோதிப்பதே முதன்மையான வேலை என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டது. பறவை தன் தளர்ச்சியை இயன்றவரை மறைத்துக்கொள்ளும். “நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் தின்னுச்சு டாக்டர்” என்று பராமரிப்பாளர் சொல்வது பெரும்பாலும் உண்மையே.

சிறகின் அடிச்சிரையிலிருந்து ஒரு துளி போதும். அதைக் கூண்டருகிலேயே ஸ்லைடில் மெல்லியதாக இழுத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குழாயில் அடைத்து ஆய்வகம் கொண்டு சேர்ப்பதற்குள், உடற்சூட்டை விட்டு வெளியேறிய ஒட்டுண்ணியின் பாலணுக்கள் (இனப்பெருக்கத்துக்கான அணுக்கள்), கொசுவின் வயிற்றுக்குள் சென்றுவிட்டதைப் போலவே உருண்டு திரண்டு வடிவம் மாறத் தொடங்கிவிடுவதால், எந்த இனம் என்று பிரித்தறிவது கடினமாகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொரு தொல்லை உண்டு: ஈரக்காற்றில் ஸ்லைடு மெதுவாக உலர்ந்தால் சிவப்பணுக்களே உருக்குலைந்துவிடும். விசிறிக் காற்றில் உடனே உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்திய பிறகே ஒட்டுண்ணியைத் தெளிவாகக் காட்டும் ஜீம்சா சாயமேற்ற வேண்டும்.

பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. அந்த உட்கருவை வளைத்துக் கிடப்பது பெரும்பாலும் ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணி. சிவப்பணுவுக்குள்ளேயே பல கூறாகப் பிரியும் நிலை தெரிந்தால் அது பிளாஸ்மோடியம், அதாவது பறவை மலேரியா. இரண்டிலும் பழுப்பு நிறமித் துகள்கள் இருக்கும், மூன்றாவது வகை ஒட்டுண்ணியான லூக்கோசைட்டோசூனில் இரா. இந்தப் பிரிவினை வெறும் பெயர் சூட்டல் அன்று, எந்தப் பூச்சியைத் தடுக்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. புறாக்களின் ஹீமோபுரோட்டியஸைப் பரப்புவது அவற்றின் இறகுகளுக்குள் ஊரும் தட்டை ஈ. பறவை மலேரியாவைப் பரப்புவது கொசு. 1898இல் ரொனால்டு ராஸ் கல்கத்தாவில் சிட்டுக்குருவிகளைக் கொண்டு நிறுவிய உண்மை இது.

வாய்க்காலும் சாக்கடையும் வயல்நீரும் சூழ்ந்த டெல்டாவில், பறவை மலேரியாவைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசுவுக்குக் குறைவில்லை. இங்குள்ள குருவிகள் தலைமுறை தலைமுறையாக இந்த ஒட்டுண்ணியோடு பழகியவை. பழக்கமே இல்லாத பறவைக்கு அதே ஒட்டுண்ணி உயிர்க்கொல்லியாகலாம். குளிர்நாட்டு உயிர்க்காட்சிசாலைகளில்கூட பென்குயின்கள் இதனால் மடிந்திருக்கின்றன.

நுண்வலை கட்டினால் கொசு வராது, ஆனால் காற்றும் குறையும். சித்திரை வெயிலில் அது பறவைக்கு வேறொரு துன்பம். ஆகவே கொசு கடிக்கும் இரவு நேரத்துக்கு மட்டும் வலையிட்ட உள்ளறைக்குப் பறவைகளை மாற்றுவதையே பரிந்துரைக்கிறேன். கூரைமேல் புறாக்களை ஈர்க்கும் சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டிவிட வேண்டும். புதிதாக வரும் பறவையைத் தனியே வைத்து, முதல் ஸ்லைடில் ஒன்றும் தென்படாவிட்டாலும் சில வாரங்களுக்குப் பின் மறுபடியும் பார்க்கிறேன். ரத்தத்தில் ஒட்டுண்ணி மிக அரிதாகி, உள்ளுறுப்புகளில் தங்கியிருக்கும் காலமும் உண்டு.