தொல்லியல் படிக்கலாமான்னு கேக்குற நம்ம பக்கத்து பிள்ளைங்களுக்கு

கீழடி மியூசியம் 2023-ல தொறந்ததுல இருந்து காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளைங்க நெறைய பேரு தொல்லியல் எடுக்கலாமாக்கான்னு கேக்குறாங்க. தாராளமா எடுங்க. ஆனா டிகிரில இது தனிப் பாடமா எல்லா காலேஜ்லயும் கெடையாது, பலபேரு பிஏ வரலாறு முடிச்சுட்டு எம்ஏ-ல தான் இதுக்குள்ள வர்றாங்க, அதுவும் நல்ல வழிதான்.

வெளிய இருந்து பாக்குறவங்க என்ன கெடச்சுச்சுன்னு கேப்பாங்க. கிளாஸ்ல கேக்குறது எங்க கெடந்துச்சு, எந்த மண்ணடுக்குல, எவ்வளவு ஆழத்துல, கூட என்ன இருந்துச்சுன்னு. இது மண்டையில ஏறிட்டா பாதி படிப்பு முடிஞ்ச மாதிரி. நம்ம முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்கள்ல மரத்தூணும் மரவையும் (மரத்துல கடைஞ்ச பாத்திரம்) எவ்வளவு அழகா கெடக்கு, ஆனா எந்த ஊரு எந்த வீடு, முகப்புல நின்னுச்சா, உள் முற்றத்து வளவுல நின்னுச்சான்னு தெரியாம போன தூணு பாதிக் கதைய தொலைச்ச தூணு, எனக்கு அந்த தெருவுல நடந்தாலே மனசு கனக்கும். கீழடில பாருங்க, 353 செ.மீ ஆழத்துல எடுத்த ஒரு கரித்துண்டுதான் கி.மு. 580-ன்னு காலம் சொல்லுச்சு. அது எந்த அடுக்குல கெடந்துச்சுன்னு ஒழுங்கா எழுதி வச்சதாலதான் அதே அடுக்குல வந்த பானை ஓட்டுக்கும் காலம் சொல்ல முடியுது.

பரீட்சைலயும் இப்படித்தான் எழுதணும். புதுச்சேரி பக்கத்துல இருக்க பழைய துறைமுகம் அரிக்கமேடுன்னு கேட்டா 1945, அங்க தோண்டுன தொல்லியலாளர் வீலர்னு மட்டும் எழுதிட்டு வராதீங்க. காலம் தெரிஞ்ச ரோமானிய அரிட்டைன் (இத்தாலியில செஞ்ச பளபளன்னு செவப்பு மண்பாத்திரம்) ஓடுங்கள வச்சு கூடக் கெடந்த ரூலட்டட் (உள்பக்கம் சின்னச் சின்ன புள்ளி வரிசை போட்ட பானை) ஓட்டுக்கும் உள்ளூர் பானைக்கும் எப்படி காலம் சொன்னாருன்னு எழுதுங்க, ஒரு மண்ணடுக்கு படமும் போடுங்க.

படம்னதும் சொல்றேன், பானை ஓடு வரையறதுதான் நெறைய பேரு தள்ளிப்போடுற வேலை. விளிம்பு வளைவ வச்சு வாய் அகலம் கண்டுபிடிக்கணும், ஸ்கேல் போடணும், தடிமன் காட்டணும். வீட்ல ஒடஞ்ச மண்சட்டி ஓட்ட வச்சே தெனமும் வரைஞ்சு பழகுங்க, கை வந்துட்டா களத்துல உங்களத்தான் மொதல்ல கூப்புடுவாங்க.

எழுத்து படிக்கிறதுல நமக்கு இருக்க வசதி யாருக்கும் இல்ல. பிள்ளையார்பட்டி குடைவரைக் கோயில்ல (பாறைய குடைஞ்சு செஞ்ச கோயில்) பழைய கல்வெட்டு இருக்கு, திருமயம் இருக்கு, கொஞ்சம் தள்ளி சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகைல சமணத் துறவிங்க படுத்த கல் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் இருக்கு. தமிழி, அதுக்கு அப்பறம் வந்த வட்டெழுத்து ரெண்டையும் லீவுலயே பழகிருங்க, செமஸ்டர் ஆரம்பிச்சா நேரம் கெடைக்காது.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், கோடையில கண்மாய் வத்துறப்ப தாழி (அந்தக் காலத்துல இறந்தவங்கள வச்சு புதைச்ச பெரிய பானை) விளிம்பு தெரிஞ்சா தோண்டாதீங்க, வீட்டுக்கும் எடுத்துட்டு வராதீங்க. போட்டோ எடுத்துட்டு விஏஓ கிட்ட சொல்லுங்க. புதையல் சட்டம் 1878-லயே வந்துருச்சு, 10 ரூவாக்கு மேல மதிப்பிருந்தா கலெக்டருக்கு தெரிவிக்கணும்.

வேலைய பத்தி வீட்ல கேப்பாங்க. பிஏ மட்டும் போதாது, எம்ஏ முடிச்சு அப்பறம் மாநிலத் துறையோ மத்திய துறையோ நடத்துற 2 வருஷ டிப்ளமோ வரைக்கும் கணக்குல வச்சுக்கங்க. அப்பா அம்மா கிட்ட இத மொதல்லயே சொல்லிட்டு சேருங்க.