ராவணனை எப்படிப் பேசுவது?

பழைய இலக்கியங்களை ஒலிநூலாக்கும் இடத்தில் வேலை. பாட்டைச் சீர் பிரித்து, எங்கே மூச்சு விடலாம், எங்கே விடக்கூடாது என்று பென்சிலால் குறித்துக் கொடுப்பேன். பதிவின்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து தப்பைப் பிடிப்பேன். பெரும்பாலும் ழகர ளகரச் சண்டைதான் நடக்கும். கம்பராமாயணத்தில் யுத்த காண்டம் தொடங்கிய பிறகுதான் சண்டை வேறு மாதிரி ஆனது.

ராவணனுக்குக் குரல் கொடுக்க வந்தவர் டப்பிங் படங்களில் வில்லன்களுக்குப் பேசிப் பழகியவர், கனமான குரல், மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது. வந்ததும் கேட்டார்: "சார், இவன் வில்லனா ஹீரோவா? ஒண்ணு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி பேசிடறேன்." நான் வாயைத் திறப்பதற்குள் ஒலிப்பதிவுத் தம்பி உள்ளே புகுந்து, "ஹீரோதாண்ணே, ராவணன் நம்ம ஆளு" என்றான்.

அவன் சொன்னதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1943-இல் அண்ணா இந்தக் கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்ற பக்கம் நின்று, தமிழறிஞர்கள் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் மோதினார். 1946-இல் புலவர் குழந்தையின் இராவண காவியம் வந்தது, 1948-இல் அதற்குத் தடை, 1971-இல்தான் தடை நீங்கியது. ஆனால் அந்தக் காவியத்தில் ராவணன்தான் தலைவன், அதனால் வில்லன் வீரனாகத் தெரிகிறானா என்ற கேள்வியே அங்கே எழாது. கம்பன் அப்படி இல்லை. ராமனைத் தெய்வமாகவே வைத்துப் பாடுகிறவன், அந்தப் பக்கம் நின்றுகொண்டே ராவணனை இவ்வளவு உயரத்துக்குத் தூக்குகிறான் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

எங்கே தூக்குகிறான் என்று கவனித்தால் விஷயம் கொஞ்சம் பிடிபடும். சீதையைக் கவர வரும்போது அவன் தள்ளாத கிழத் தவசியாக வருகிறான், அங்கே யாருக்கும் அவன்மேல் மரியாதை வராது. முதல் நாள் போரில் எல்லாம் இழந்து, ராமன் "இன்று போய்ப் போர்க்கு நாளை வா" என்று விட்டுவிட, நடந்து ஊருக்குத் திரும்புகிறானே, அங்கேதான் அந்தப் பாட்டு வருகிறது:

வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்
தார் அணி மவுலி பத்தும் சங்கரன் கொடுத்த வாளும்
வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்

இது கவியின் கூற்றுதான், ஆனாலும் ராவணன் குரலிலேயே போகட்டும் என்று முடிவு செய்திருந்தோம். குரல் கொடுக்க வந்த அண்ணன் படித்தார் பாருங்கள், மார்பு, தோள், நா என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய் "வீரமும்" என்ற இடத்தில் தியேட்டரில் விசில் பறக்கிற மாதிரி நிறுத்தினார். கேட்க அமர்க்களம். ஆனால் இது சாமான் பட்டியல் மாதிரி, எல்லாமே கீழே போட்டுவிட்டு வந்த பொருள்கள், அதில் கடைசிப் பொருள் வீரம். மூன்றடி முழுக்கப் புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டே கேட்கிறோம், நாலாவது அடியில் "போட்டு" என்று வந்ததும் மொத்தப் புகழ்ச்சியும் சரிகிறது. "வீரமும் என்பதை வாளோடு வாளாகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போங்கண்ணே, வெறுங்கைக்கு முன்னால் மட்டும் ஒரு நொடி நில்லுங்கள்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. சரி என்று அப்படியே பேசினார், பதிவைப் போட்டுக் கேட்டபின் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அதற்குக் கொஞ்சம் தள்ளி, பகைவர் எல்லாம் சிரிப்பார்களே என்று வெட்கப்படாதவன் சானகி சிரிப்பாளே என்று நாணிச் சுருங்குகிறான். எவ்வளவு அசிங்கமான ஆசை, அதை வைத்தே அவன்மேல் இரக்கம் வரவைக்கிறான் கம்பன். இது நியாயமா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

இன்னொன்று. அவன்மேல் உறைக்கிற மாதிரி வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் எதிரியிடமிருந்து வருவதைவிட வீட்டுக்குள்ளிருந்துதான் அதிகம் வருகின்றன. "பேசுவது மானம், இடை பேணுவது காமம்" என்று சபையிலேயே போட்டு உடைக்கிறான் கும்பகருணன், பிறகு அதே அண்ணனுக்காகப் போய்ச் சாகிறான். தப்பு என்று தெரிந்தும் விட்டுப் போக முடியாதபடி ஒருத்தனைச் சுற்றி இத்தனை பேர் இருந்தால், அவன் பெரிய ஆளாகத்தான் தெரிவான். அலுவலகங்களிலும் அப்படிச் சில பேரைப் பார்த்திருக்கிறோம்.

பெரிய விவாதம் இந்திரசித்து வதைப் படலத்தில் வந்தது. சீதையை விட்டுவிடு, உன்மேல் உள்ள அன்பால்தான் சொல்கிறேன் என்கிறான் மகன். அதற்கு ராவணன், செத்தவர்களையோ மிஞ்சியவர்களையோ உன்னையோ நம்பி நான் இறங்கவில்லை, "என்னையே நோக்கி யான் இந்நெடும் பகை தேடிக்கொண்டேன்" என்கிறான். தோற்றாலும் ராமன் பேர் நிற்கும்வரை என் பேரும் நிற்கும் அல்லவா, "இன்று உளார் நாளை மாள்வர், புகழுக்கும் இறுதி உண்டோ?" என்றும் கேட்கிறான். அண்ணனுக்குச் சிலிர்த்துவிட்டது. "சார், இதுக்கு மேல ஹீரோ யாரு?" என்றார். எனக்கும் அங்கே மறுத்துப் பேச வாய் வரவில்லை.

ஆனால் அந்த வசனம் பேசியவன் தேரைக் கொண்டுவரச் சொல்ல, மகன் காலில் விழுந்து தடுத்துவிட்டுத் தானே களத்துக்குப் போகிறான். என்னையே நம்பினேன் என்றவனுக்காகச் சாவது பிள்ளை. மகனின் தலையில்லாத உடலைத் தூக்கிவந்து ராவணன் புலம்புகிற இடத்தில், பிள்ளை செய்ய வேண்டிய ஈமக் கடனைத் தகப்பன் செய்யும்படி ஆனதே என்கிற "எனக்கு நீ செய்யத்தக்க கடன் எலாம் ஏங்கி ஏங்கி உனக்கு நான் செய்வதானேன்" அடியை அண்ணன் எந்தக் குறிப்பும் கேட்காமலே தாழ்ந்த குரலில் பேசினார். அவருக்கும் வயதுக்கு வந்த பையன் இருக்கிறான். என்னைக் கேட்டால் ராவணனின் வீரம் பொய்யில்லை, ஆனால் அதற்கான செலவை அவன் கடைசியாகத்தான் கட்டினான், மற்றவர்கள் எல்லோரும் முன்னாலேயே கட்டிவிட்டார்கள்.

விளம்பரத்துக்கு ஒரு துண்டு வெட்டித் தரச் சொன்னார்கள். எல்லோரும் எதிர்பார்த்தபடி "புகழுக்கும் இறுதி உண்டோ" தான் தேர்வானது. அதோடு அந்தக் கடன் அடியையும் ஒட்டிப் போடுங்கள் என்று கேட்டேன். நீளம் கூடிவிடும், மூடு மாறிவிடும் என்றார்கள். தம்பிக்கு வெட்டியதில் ஏகத் திருப்தி. அண்ணன்தான், "ரெண்டையும் போட்டிருக்கலாம் சார், சும்மா நான் கத்துற மாதிரி இருக்கு" என்று அடுத்த நாள் போனில் குறைப்பட்டுக்கொண்டார்.