ஐடிஐ செய்முறைத் தேர்வு: பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

மோட்டார் மெக்கானிக் பிரிவு முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். செய்முறையில் என் பங்குக்கு விழுந்தது இக்னிஷன் சுவிட்ச் சர்க்யூட். சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்கும். கையை விட்டுச் சாவி ஆன் நிலைக்குத் திரும்பியதும் அணைந்துவிடும். இந்த அறிகுறியைக் கண்டதுமே ஸ்டார்ட்டரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அது சுற்றுவதால்தானே இன்ஜின் பிடிக்கிறது? பக்கத்து வண்டிக்காரர் அதைத்தான் முதலில் கழற்ற உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

பலரும் சுவிட்சைக் கழற்றி, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (மின்பாதை அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, பீப் கேட்டதும் 'நன்று' என்று தாளில் எழுதிவிடுகிறார்கள். மீட்டர் அனுப்புவது துளி மின்னோட்டம். கருகிய காண்டாக்டும் அதற்கு வழிவிட்டுவிடும். ஆம்பியர் கணக்கில் ஓடும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும்.

ஆகவே கப்ளரை, அதாவது சுவிட்சில் செருகும் வயர் இணைப்பைப் பிரிக்காதீர்கள். சாவி ஆனில் இருக்கட்டும், ப்ளோயர் முழு வேகத்தில் ஓடட்டும் (அந்த வண்டியில் அதுவும் 15-ஆம் முனையிலிருந்தே, அதாவது சாவி ஆனில் மின்சாரம் வெளியே போகும் முனையிலிருந்தே வருகிறது). மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கப்ளரின் பின்புறமாகச் சிவப்பு முனையைப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் 30-லும் கறுப்பை 15-லும் தொடுங்கள். மீட்டர் காட்டுவது சுவிட்சுக்குள் தொலையும் வோல்ட். அது 0.2-க்குள் வந்தால் சுவிட்ச் மேல் பழியில்லை. எனக்கு 4.8 வந்தது.

"பீப் அடிக்கிறதே தம்பி, அப்புறம் என்ன?" என்றார் தேர்வாளர்.

"அடிக்கும் சார். ப்ளோயர் திணறுவதைப் பாருங்கள்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பீப்பை நம்பாத இந்தப் பழக்கம் எனக்குத் திருத்துறைப்பூண்டியில் ஒரு பட்டறையில் ஒட்டிக்கொண்டது. வேதாரண்யம் உப்பளப் பக்கம் ஓடும் வண்டிகள் அங்கே வரும். கப்ளரைத் திறந்தால் பச்சைக் களிம்பு. ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். அவற்றிலும் பீப் கணீரென்று அடிக்கும்.

மற்றவை:

பேட்டரி வோல்ட்டை முதலில் எழுதுங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். கிராங்க் செய்யும்போது (ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றும்போது) 9.6-க்குக் கீழே போகக்கூடாது.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். இரண்டு காதிலும் வோல்ட் பாருங்கள்.

ஏர்பேக் வண்டி என்றால் ஸ்டீயரிங் உறையில் கை வைக்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். இதைச் செய்வதோடு நிற்காமல் தேர்வாளர் காதில் விழச் சொல்லுங்கள்.

கிராங்க் செய்யும்போது ரேடியோ ஏன் அணைகிறது என்று வைவாவில் கேட்டார்கள். அது பழுதல்ல. ஸ்டார்ட் நிலையில், ரேடியோ போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் அக்சசரி முனையைச் சுவிட்சே துண்டித்துவிடுகிறது.

தியரிக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அங்கே 33 சதவீதம் போதும், செய்முறைக்கு 60 வேண்டும். நேரத்தை அந்தக் கணக்கில் பிரியுங்கள்.